‘ட்வைலைட்’ முதல் படத்தில் நாவலின் பெல்லா எங்கே போனாள்?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், இனி வந்து படிப்பவர்களுக்கும் உதவும். கல்லூரி நாட்களில் ‘ட்வைலைட்’ நாவலை இரண்டே ராத்திரியில் படித்து முடித்தீர்கள். போன வாரம் 13 வயது மகளோடு உட்கார்ந்து, 2008-இல் வந்த அதன் படத்தை முதல்முறையாகப் பார்த்தீர்கள். கதை அதேதான், ஆனால் உங்களுக்குப் பிடித்த நாயகி பெல்லாவை அதில் காணோம். அவளைக் காதலிக்கும் ரத்தக் காட்டேரி எட்வர்ட் நடுராத்திரியில் அவள் அறைக்குள் வந்து நிற்கும் இடத்தில் உங்கள் மகள், “இவன் என்னம்மா இப்படி நிக்கிறான், பயமா இருக்கு” என்றாளாம். நீங்களோ அந்தப் பக்கங்களைப் படித்தபோது உருகியிருக்கிறீர்கள். படம் நாவலைக் கெடுத்துவிட்டதா, இல்லை எனக்கு வயதாகிவிட்டதா என்று கேட்கிறீர்கள். கூடவே, முதல் படம் மட்டும் ஏன் அப்படி நீலம் பாரித்துக் கிடக்கிறது, இரண்டாவதில் அது எங்கே போயிற்று என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

மேலோட்டமாகப் பார்த்தால் இவை மூன்று கேள்விகள். எனக்கு ஒன்றாகத்தான் படுகிறது. ஒரு பெண்ணின் மனசுக்குள்ளேயே நடந்த கதையை வெளியே கொண்டுவந்து வெளிச்சத்தில் நிறுத்தினால் அதற்கு என்ன ஆகிறது என்றுதான் கேட்கிறீர்கள். அதற்கு என்னால் பதில் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன். இருபத்திரண்டு வருடமாகப் படத்தொகுப்பு செய்கிறேன். அதில் நான்கு படங்கள் நாவலிலிருந்து வந்தவை. இந்தப் படம் எடுக்கப்பட்ட விதம் பற்றி இயக்குநரும் நாவலாசிரியரும் நடிகர்களும் வெளிப்படையாகப் பேசியதை நடந்ததாகவே சொல்வேன். எடிட் மேசையில் உட்கார்ந்தவளின் கண்ணுக்குத் தெரிவதை என் ஊகம் என்று தனியாகச் சொல்லிவிடுகிறேன்.

நாவல் எங்கிருந்து வந்தது என்பதிலிருந்தே தொடங்கலாம். ஸ்டெஃபனி மேயர் அப்போது அமெரிக்காவின் அரிசோனாவில் மூன்று பிள்ளைகளோடு இருந்த இல்லத்தரசி. 2003 ஜூன் 2-ஆம் தேதி ஒரு கனவு கண்டார். காட்டு நடுவே ஒரு புல்வெளி, ஒரு சாதாரணப் பெண், அவளைக் காதலிக்கிற ஒரு ரத்தக் காட்டேரி. அவள் ரத்தத்தின் வாசனை தாங்காமல் தவித்துக்கொண்டே அவளிடம் பேசிக்கொண்டிருக்கிறான். அந்த உரையாடலைத்தான் முதலில் எழுதினார். புத்தகத்தில் அது 13-வது அத்தியாயம். அங்கிருந்து முடிவு வரை எழுதிவிட்டு, அப்புறம் திரும்பி வந்து தொடக்கத்தை எழுதினார். மூன்று மாதத்தில் நாவல் முடிந்தது, 2005 அக்டோபரில் வெளியானது. இந்தத் தகவலை நான் முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. நாவலின் கரு ஒரு சம்பவம் இல்லை, ஒரு நீண்ட பேச்சு. ஏறக்குறைய 500 பக்கம். அதில் ஆபத்தான வில்லன் என்று ஒருவன் தலைகாட்டுவதே 18-வது அத்தியாயத்தில்தான். அதுவரை நம்மை இழுத்துக்கொண்டு போவது பெல்லாவின் குரல் மட்டுமே.

(‘ரத்தக் காட்டேரி’ என்ற சொல்லை வேறு வழியில்லாமல் பயன்படுத்துகிறேன். காட்டேரி நம் ஊர்களில் அம்மனாகக் கும்பிடப்படும் தெய்வம். கயானாவுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்குப் போன தமிழர்கள் அங்கேயும் கொண்டுபோய் வைத்து வணங்கிய தெய்வம். ஐரோப்பியக் கதைகளின் வேம்பயருக்கும் அவளுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.)

அந்தக் குரல் எப்படிப்பட்டது என்று உங்களுக்கே தெரியும். அப்பாவுக்குச் சமைத்துப் போடுவாள், மழையைத் திட்டுவாள், சமதரையில் தடுக்கி விழுவாள், விழுந்ததைப் பற்றி ஒரு வரி கிண்டல் அடிப்பாள். வகுப்பில் எட்வர்ட் தன்னை ஏன் வெறுப்போடு பார்க்கிறான் என்று புரியாமல் தன் தலைமுடியை முகர்ந்து பார்ப்பாள், ஷாம்பூவின் ஸ்ட்ராபெரி மணம்தானே அடிக்கிறது என்று குழம்புவாள். நாம் படிப்பதெல்லாம் தலைவி கூற்று. தோழிகூட இல்லை, தோழியின் இடத்தில் வாசகரை உட்கார வைத்துவிட்டார் மேயர். இரண்டு ராத்திரி நீங்கள்தான் அவளுக்குத் தோழி.

சரி, இதை எப்படிப் படமாக்குவது? முதல் முயற்சி வேறொரு நிறுவனத்தில் நடந்தது. நாவல் வெளியாகும் முன்பே உரிமையை வாங்கி, ஒரு திரைக்கதையும் எழுத வைத்தார்கள். அதில் பெல்லா ஓட்டப்பந்தய வீராங்கனை. காட்டேரிகளை எஃப்.பி.ஐ. துரத்துகிறது. ஜெட் ஸ்கீயில் ஒரு துரத்தல்கூட இருந்ததாக இயக்குநர் காதரின் ஹார்ட்விக் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். உள்ளே நடக்கிற கதையைப் பார்த்து பயந்துபோய், வெளியே எதையாவது ஓடவிடலாம் என்று முடிவெடுத்திருக்கிறார்கள். எனக்கு இது ஆச்சரியமே இல்லை. நாவல் கையில் வந்ததும் தயாரிப்பாளர்களின் முதல் கேள்வி, “இதில் என்ன நடக்கிறது?” என்பதாகத்தான் இருக்கும். அந்த உரிமை காலாவதியானதும் சம்மிட் என்ற சின்ன நிறுவனம் அதை எடுத்தது. மேயர் இந்தமுறை நிபந்தனைகள் வைத்தார். பாத்திரங்களின் பெயர் மாறக்கூடாது, காட்டேரிகளுக்குக் கோரைப்பல் வைக்கக்கூடாது என்பதெல்லாம் அதில் அடக்கம். ஹார்ட்விக் பழைய திரைக்கதையை ஓரமாகப் போட்டுவிட்டு நாவலைப் பிடித்துக்கொண்டார். மெலிசா ரோசன்பெர்க் புதிதாக எழுதினார். 2007 நவம்பரில் தொடங்கிய எழுத்தாளர்கள் வேலைநிறுத்தத்துக்கு முன் முடித்தாக வேண்டிய நெருக்கடி வேறு.

ஹார்ட்விக் யார் என்பது இங்கே முக்கியம். கட்டடக்கலை படித்தவர். இயக்குநராகும் முன் பல வருடம் கலை இயக்கம் செய்தவர். முதலில் இயக்கிய படம் 13 வயதுச் சிறுமிகளைப் பற்றியது, கேமராவைக் கையில் தூக்கிக்கொண்டு எடுத்தது. அந்தப் படத்தின் ஒளிப்பதிவாளர் எலியட் டேவிஸும் படத்தொகுப்பாளர் நான்சி ரிச்சர்ட்சனும்தான் ‘ட்வைலைட்’டுக்கும். ஆக, பதின்ம வயதுப் பிள்ளையின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் கேமராவைக் கொண்டுபோய் நிறுத்தி, அவள் மூச்சுவிடுவதைப் பார்த்துப் பழகிய குழு இது. பெல்லா பேசியதையெல்லாம் அவர்கள் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பெல்லாவின் உடம்பையும் அவளைச் சுற்றியிருக்கிற இடத்தையும் வைத்தார்கள்.

ஒரு காட்சியை மட்டும் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். உயிரியல் வகுப்பு, பெல்லா முதல்முறை உள்ளே வருகிறாள். நாவலில் அவள் எட்வர்டைக் கடந்து நடக்கும்போது அவன் உடம்பு விறைக்கிறது. ஏன் என்று நமக்குத் தெரியாது, அவளுக்கும் தெரியாது, பல பக்கங்கள் கழித்துத்தான் தெரியும். அவள் ரத்தத்தின் வாசனை. இப்போது இதைப் படமாக எடுங்கள். வாசனையை கேமரா பிடிக்காது. ஹார்ட்விக் என்ன செய்தார் தெரியுமா? வழியில் ஒரு மின்விசிறியை வைத்தார். பெல்லா அதன் முன்னால் வந்து நிற்கிறாள், காற்றில் அவள் முடி பறக்கிறது, அடுத்த ஷாட்டில் எட்வர்ட் சட்டென்று மூக்கையும் வாயையும் பொத்திக்கொள்கிறான். வாசனை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போவதை நாம் கண்ணால் பார்த்துவிட்டோம். ஒரு வார்த்தை கிடையாது. அவனுக்குப் பின்னால் பாடம் செய்து வைத்த ஒரு வெள்ளை ஆந்தை இருக்கிறது. அவன் உட்கார்ந்திருக்கும் கோணத்தில் அதன் இறக்கைகள் அவன் தோளிலிருந்து முளைத்த மாதிரி தெரியும். தேவதையா, இரை தேடும் பறவையா என்று அந்த ஒரு ஃப்ரேமே கேட்டுவிடுகிறது. கலை இயக்குநராக இருந்த ஒருவரின் மூளை இது. எடிட் சொல்லிக்கொடுக்கும்போது இந்தக் காட்சியை நான் கட்டாயம் போட்டுக் காட்டுவேன்.

இதே காட்சியில் நீங்கள் இழந்தது என்ன? அந்த ஸ்ட்ராபெரி ஷாம்பூ. அந்தக் குழப்பம், அந்தச் சின்ன அவமானம், அதைத் தனக்குத்தானே சொல்லிச் சமாளிக்கும் பெண்.

வாய்ஸ் ஓவர் போட்டிருக்கலாமே என்று தோன்றும். படம் பெல்லாவின் குரலோடுதான் தொடங்குகிறது. காட்டில் ஒரு மான் தண்ணீர் குடிக்கிறது, திடுக்கிட்டு ஓடுகிறது, அதன் மேலே குரல் வருகிறது. அப்புறம் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில வரிகள், அவ்வளவுதான். அதைப் படம் முழுக்க ஏன் கொண்டுபோகவில்லை என்று எனக்குத் தொழில்முறையில் புரிகிறது. நான் வேலை செய்த ஒரு நாவல் படத்தில் நாயகியின் நினைவோட்டத்தை நாற்பது இடத்தில் குரலாகப் பதிவு செய்து டைம்லைனில் போட்டோம். ஒவ்வொரு ரீலாகப் பார்க்கப் பார்க்க நடிகையின் முகம் செத்துக்கொண்டே போனது. ‘எனக்குப் பயமாக இருந்தது’ என்று குரல் சொன்ன மறுநொடி, பார்ப்பவர் அந்த முகத்தில் பயத்தைத் தேடுவதை நிறுத்திவிடுகிறார். கடைசியில் ஆறு இடத்தில் மட்டும் வைத்துக்கொண்டோம். படம் மூச்சுவிட்டது. நாவலைப் படித்தவர்கள் எல்லோரும் இப்போது நீங்கள் கேட்ட அதே கேள்வியைக் கேட்டார்கள். அந்த இழப்பு நிஜம். அதைச் சரிக்கட்ட எனக்கு இன்றுவரை வழி தெரியவில்லை.

அடுத்து நிறம். இதில் உறுதியாகச் சொல்லக்கூடியதை முதலில் சொல்கிறேன். சூரிய ஒளியில் காட்டேரிகளின் தோல் வைரம் போல மின்னும் என்பது மேயரின் கதைவிதி. அதனால் வெயிலே படாத ஊர் வேண்டும். அமெரிக்காவில் அதிகம் மழை பெய்யும் இடம் எது என்று கூகுளில் தேடி, வாஷிங்டன் மாநிலத்தின் ஒலிம்பிக் தீபகற்பத்தில் இருக்கும் ஃபோர்க்ஸைக் கண்டுபிடித்தார். மேகம் இந்தக் கதையில் அலங்காரம் இல்லை, அது கலைந்தால் கதையே நடக்காது. படம் பெரும்பாலும் ஃபோர்க்ஸில் எடுக்கப்படவில்லை. 2008 வசந்தத்தில், தெற்கே ஒரிகான் மாநிலத்தின் போர்ட்லாந்தைச் சுற்றியும் வாஷிங்டனில் சில இடங்களிலும் எடுத்தார்கள். செலவு சுமார் 3.7 கோடி டாலர். ஹாலிவுட் கணக்கில் அது சிக்கனமான தொகை. நாயகி கிறிஸ்டன் ஸ்டூவர்ட்டுக்கு ஏப்ரல் 9 வரை 18 வயது ஆகவில்லை, எனவே ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரம்தான் நடிக்கலாம் என்ற சட்டக் கட்டுப்பாடும் இருந்தது. வானிலையோ ஒரே நாளில் மழை, ஆலங்கட்டி, வெயில் என்று மாறிக்கொண்டே இருந்ததாக இயக்குநர் சொல்லியிருக்கிறார்.

இனி என் ஊகம். காலையில் மேகத்தில் எடுத்த ஷாட்டையும் மதியம் வெயில் எட்டிப்பார்த்தபோது எடுத்த ஷாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினால் கண்ணை உறுத்தும். டி.ஐ.யில், அதாவது கணினியில் படத்தின் நிறத்தைத் திருத்தும் கட்டத்தில், அதைச் சரிசெய்ய நாங்கள் முதலில் செய்வது, மஞ்சளையும் சிவப்பையும் இறக்கி, எல்லாவற்றையும் ஒரே குளிர்ச்சிக்குள் கொண்டுவருவது. அந்த நீலத்தில் ஒரு பங்கு இந்தத் தேவையிலிருந்து வந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் அது மட்டும் என்றால் இவ்வளவு அழுத்தமாக இருக்காது. படத்தின் தொடக்கத்தில், ஃபோர்க்ஸுக்கு வரும் முன் பெல்லா இருந்த ஃபீனிக்ஸ் நகரத்துக் காட்சியைத் திரும்பப் பாருங்கள். கையில் கள்ளிச்செடித் தொட்டியோடு பெல்லா கிளம்பும் அந்த இடத்தில் வெயிலும் சூடும் இருக்கும். ஃபோர்க்ஸில் கால் வைத்ததும் உலகத்திலிருந்து சூடு வடிந்துவிடுகிறது. இது திட்டமிட்டுச் செய்தது.

இங்கே நமக்குப் பழக்கமான ஒரு வழி உதவும். அகப்பாட்டில் தலைவி ‘நான் தவிக்கிறேன்’ என்று நேராகச் சொல்லவே வேண்டாம். மலை, நடு யாமம், கூதிர்காலத்துக் குளிர், காட்டு விலங்கு நடமாடும் வழியில் இரவுக்குறிக்கு வரும் தலைவன் என்று நிலமும் பொழுதும் கருப்பொருளும் அமைந்துவிட்டாலே உரிப்பொருள் விளங்கிவிடும். குறிஞ்சி என்று தெரிந்துகொள்வோம். ஹார்ட்விக்குக்குத் தொல்காப்பியம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் அவர் செய்தது கிட்டத்தட்ட அதைத்தான். தலைவியின் கூற்றை எடுத்துவிட்டு, அது சொன்னதையெல்லாம் நிலத்தின் மேலும் பொழுதின் மேலும் ஏற்றிவிட்டார். பாசி படிந்த மரங்கள், ஈரச் சாலை, கண்ணாடியில் வழியும் தண்ணீர், நீலம். ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. நம் பாட்டில் தலைவன் வரும் வழியில் புலி இருக்கும். இங்கே வருகிறவனே புலி.

இரண்டாம் படத்தில் அந்த நீலம் காணாமல் போனதற்குக் காரணம் நேரடியானது. இயக்குநர் மாறினார், ஒளிப்பதிவாளர் மாறினார், இடமும் மாறியது. முதல் படம் 2008 நவம்பர் 21-இல் வந்தது. முதல் மூன்று நாளிலேயே கிட்டத்தட்ட 7 கோடி டாலர் வசூல். ஒரு பெண் இயக்கிய படத்துக்கு அதுவரை அப்படியொரு தொடக்கம் கிடைத்ததில்லை. மொத்தத்தில் செலவைப்போல் பத்து மடங்கு. நிறுவனம் அடுத்த படத்தை ஒரே வருடத்தில் கொண்டுவர நினைத்தது. சில வாரங்களுக்குள் ஹார்ட்விக் விலகினார். மீதி நான்கு படங்களையும் மூன்று ஆண்கள் இயக்கினார்கள். கிறிஸ் வைட்ஸ் எடுத்த இரண்டாம் படம் கனடாவின் வான்கூவரிலும் இத்தாலியிலும் எடுக்கப்பட்டது. அதில் பொன்னிறமும் பழுப்பும் வந்துவிட்டன. பார்க்க அழகாக, ஒழுங்காக, பெரிய பட்ஜெட் படமாக இருக்கும். முதல் படத்தின் கை நடுக்கம், அந்தக் கூச்சம், அந்த ஈரம் அதில் இல்லை. ஐந்தில் எது சிறந்த படம் என்று கேட்டால் நான் தயங்காமல் முதலாவதைத்தான் சொல்வேன். அந்த வெற்றிக்குப் பிறகும் ஒரு பெண் இயக்குநரிடம் இந்தத் தொடர் திரும்பி வரவில்லை என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை.

இனி உங்கள் மகள் சொன்னதற்கு வருகிறேன். என்னைக் கேட்டால், இந்த விஷயத்தில் மிகக் கூர்மையான விமர்சனம் அவள் சொன்னதுதான். நாவலில் எட்வர்ட் இரவில் அவள் அறைக்கு வந்துபோவதை நாம் தெரிந்துகொள்வது பெல்லாவின் வாய்வழி. அவள் கோபப்படாமல் உள்ளுக்குள் மகிழ்கிறாள். அவள் குரல் நம் காதில் இருக்கும்வரை நாமும் அவளோடு ஒத்துப்போகிறோம். கேமராவுக்கு அந்த விசுவாசம் கிடையாது. அது அறையின் மூலையில் ஒரு ஆள் நிற்பதைக் காட்டுகிறது. பெல்லா விழிக்கிறாள், விளக்கைப் போடுகிறாள், யாரும் இல்லை. கனவு என்று நினைத்துக்கொள்கிறாள். பிறகு ஒருநாள் அவன் அதை ஒப்புக்கொள்கிறான், கொஞ்ச காலமாகவே வந்துகொண்டிருப்பதாகவும் சொல்கிறான். 1918-இல், ஸ்பானிஷ் காய்ச்சலில் சாகக் கிடந்தபோது காட்டேரியாக மாற்றப்பட்டவன் அவன். பிறந்தது 1901. 17 வயதுப் பெண் தூங்குவதை அவளுக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டு நிற்கிறான். வெளியிலிருந்து பார்க்கிற 13 வயதுப் பிள்ளைக்கு அது பயமாக இருந்தால் அவள் பார்வையில் கோளாறு இல்லை. உள்ளேயிருந்து படித்த உங்களுக்கு அது இனித்ததிலும் கோளாறு இல்லை. ஒரே சம்பவத்தை நீங்கள் இருவரும் இரண்டு பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறீர்கள். உங்கள் வயதுக்கு இதில் பங்கு இருக்கலாம், ஆனால் பெரிய பங்கு இதுதான் என்பது என் எண்ணம். மகளிடம் இதைப் பற்றி எப்படிப் பேசுவது என்பது உங்கள் வீட்டு விஷயம், அதில் எனக்குத் தகுதி இல்லை. அவள் சொன்னதை மறுக்க வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

நடிப்பு விறைப்பாக இருக்கிறது என்றும் எழுதியிருந்தீர்கள். அது தெரிந்தே நடந்தது. தயாரிப்புத் தரப்பு எட்வர்ட் கொஞ்சம் சிரிக்கட்டும் என்று விரும்பியதாகவும், நாவலில் அவன் சிரிக்கும் இடங்களையெல்லாம் குறித்துக் கொடுத்ததாகவும், தான் பதிலுக்கு அவன் முகம் சுளிக்கும் இடங்களைக் குறித்து வைத்துக்கொண்டதாகவும், கடைசியில் வேலையே போகும் நிலை வந்ததாகவும் எட்வர்டாக நடித்த ராபர்ட் பாட்டின்சன் பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். தன்னையே வெறுக்கிற ஒருவனாகத்தான் எட்வர்டை அவர் புரிந்துகொண்டார். ஸ்டூவர்ட் வாக்கியங்களை முடிக்காமல் விடுவதும், உதட்டைக் கடிப்பதும், பார்வையைத் திருப்பிக்கொள்வதும் எனக்கு நாவலின் பெல்லாவைவிட நிஜமான பள்ளிக்கூடப் பிள்ளையாகத் தெரிகிறது. நாவலின் பெல்லாவுக்கு நாக்கு சரளம். படத்தின் பெல்லாவுக்கு வார்த்தை வருவதில்லை. நீங்கள் தேடிய ஆள் இல்லாமல் போனது இந்த இடத்தில்தான், ஆனால் அங்கே வேறொரு பெண் வந்து நிற்கிறாள்.

படம் உண்மையாகவே தோற்ற இடங்களும் உண்டு. அந்தப் புல்வெளி, அதாவது மொத்த நாவலும் முளைத்த கனவு, படத்தில் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடுகிறது. பக்கம் பக்கமாக நீளும் பேச்சு இருந்த இடத்தில் இரண்டு பேர் புல்லில் படுத்திருக்கும் சில ஷாட்டுகளும் இசையும் மட்டும். அவன் வெயிலில் மின்னுவதும் அப்படித்தான். எழுத்தில் ‘வைரம்’ என்று ஒரு சொல் போதும், மீதியை வாசகர் மனசு பார்த்துக்கொள்ளும். திரையில் அதை யாரோ ஒருவர் கணினியில் செய்தாக வேண்டும். செய்ததும் தோல் மேல் மினுமினுப்புப் பொடி தூவிய மாதிரி ஆகிவிட்டது. ‘நீ யார் என்று எனக்குத் தெரியும்’ என்று பெல்லா சொல்லும் இடத்தை இரவு நேரக் காரிலிருந்து பகல் நேரக் காட்டுக்கு மாற்றியதில் எனக்கு இரண்டு மனசு. இரவு உணவுக் காட்சியில் அப்போதுதான் நீளமாகப் பேசி முடித்திருக்கிறார்கள். உடனே காரில் இன்னொரு நீளப் பேச்சு என்றால் படம் உட்கார்ந்துவிடும், நானும் அதை நகர்த்தச் சொல்லித்தான் கேட்டிருப்பேன். ஆனால் ‘நீ என்னவாக இருந்தாலும் எனக்கு ஒன்றுமில்லை’ என்று இருட்டில் அவள் சாதாரணமாகச் சொல்வதில் இருந்த நெருக்கம், அந்தக் காட்டில் கேமரா அவர்களைச் சுற்றிச் சுற்றி வரும்போது கிடைக்கவில்லை.

சேர்த்த சிலவற்றை நான் மனதாரப் பாராட்டுவேன். வெளியூர்க் காட்டேரிகள் ஊருக்குள் ஆட்களைக் கொல்வதை முன்கூட்டியே காட்டிவிட்டதால், முதல் பாதியில் காதலுக்கு அடியில் ஒரு பயம் ஓடிக்கொண்டே இருக்கிறது. கடைசிச் சண்டையில் நாவலின் பெல்லா மயங்கிவிடுவாள், நாமும் எதையும் பார்க்க மாட்டோம். படம் அதைக் காட்டியாக வேண்டியிருந்தது, காட்டியது. பெல்லாவின் அப்பா சார்லி, மகளின் காதலன் வாசலில் நிற்கிறான் என்றதும் துப்பாக்கியைச் சொடுக்கி மூடிவிட்டு “வரச் சொல்” என்கிறாரே, அந்த ஒரு நொடியில் ஒரு அப்பா முழுசாகத் தெரிகிறார். இடி இடிக்கும்போது ஆடும் பேஸ்பால் காட்சியையும் மறக்க முடியாது. அதில் ஒலிக்கும் ம்யூஸ் இசைக்குழு மேயருக்கு மிகவும் பிடித்தது, தன் நாவல்களின் நன்றியுரையிலேயே அவர்களைக் குறிப்பிட்டிருக்கிறார். இங்கே மட்டும் நாவலாசிரியரின் ரசனையும் இயக்குநரின் கண்ணும் ஒரே தாளத்தில் விழுந்தன.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்க்கிறேன், மகளோடு பார்ப்பதால். பெல்லாவின் நண்பன் ஜேக்கபின் ஆட்களாக வரும் குவிலியூட் பழங்குடி மக்கள் கற்பனை இல்லை. ஃபோர்க்ஸுக்குப் பக்கத்தில் லா புஷ் என்ற கடலோரத்தில் இன்றும் வாழ்கிறவர்கள். உருமாற்றும் ஆற்றல் கொண்டவர் ஓநாய்களிலிருந்து தங்களை மனிதர்களாக்கினார் என்பது அவர்களுடைய தோற்றக் கதை. காட்டேரிகளோடு பகை, ஒப்பந்தம் என்பதெல்லாம் மேயர் சேர்த்தது. அவர்கள் ஊர் கடல் மட்டத்தை ஒட்டி, சுனாமி வந்தால் அடித்துக்கொண்டு போகும் இடத்தில் இருக்கிறது. மேட்டு நிலத்துக்குக் குடிபெயர அவர்களுக்கு நிலம் தரும் சட்டம் 2012-இல்தான் வந்தது. சியாட்டிலில் இருக்கும் பர்க் அருங்காட்சியகம் அந்த மக்களோடு சேர்ந்து, கதையில் வருவதற்கும் உண்மைக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கும் இணையப் பக்கம் ஒன்றை உருவாக்கியது. இதில் பேச வேண்டியவர்கள் அவர்கள்தான், நான் இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஆக, படம் நாவலைக் கெடுத்துவிட்டதா என்றால், இல்லை என்பேன். நாவலின் குரலை எடுத்துவிட்டு அதற்குக் கண் வைத்தது. உங்களுக்கு அந்தக் குரல் திரும்ப வேண்டுமானால் அது புத்தகத்தில் மட்டும்தான் இருக்கிறது. 13-வது அத்தியாயத்தை மகளுக்கு ஒருநாள் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள், அவள் என்ன சொல்கிறாள் என்று பார்க்கலாம். அதற்கு முன் அந்த உயிரியல் வகுப்புக் காட்சியை மட்டும் ஒலியை நிறுத்திவிட்டு இருவரும் சேர்ந்து இன்னொரு தடவை ஓட்டிப் பாருங்கள். மின்விசிறியை முதலில் கவனித்தது யார், ஆந்தையை முதலில் கவனித்தது யார் என்று முடிந்தால் இங்கே வந்து எழுதுங்கள்.